எந்தக் கடை யாருக்கு

வீடு வாடகை வீடு.
கார் அவன் தமக்கையுடையது.
நாய் போன மார்ச்சிலேயே போய்விட்டது.
பிரித்துக்கொள்ள ஒன்றுமில்லையே
என்று வக்கீல் கோப்பை மூடியபோது
"கடைகள் இருக்கின்றன" என்றான் லெயாந்த்ரோ.

நாங்கள் சிரிக்கவில்லை.
புவெனஸ் ஐரிஸில் பதினோரு வருடம்
சேர்ந்து கைநனைத்த இருவர்
ஏதோ ஒரு வெள்ளி இரவு
ஒரே கல்லாவின் முன்
வேறு வேறு ஆட்களோடு முட்டிக்கொள்ளக் கூடாது.
ஒரு வாரம் ஒதுக்கினோம்.
போவது, தின்பது, பங்கு போடுவது.

கொரியெந்தஸ் சாலையில் நாற்காலியே இல்லாத பீட்சாக் கடை.
வெங்காயமும் சீஸும் இரண்டு விரல் தடிமன்,
அதன் தலையில் ஒரு துண்டு கடலைமாவு ரொட்டி,
குட்டைக் கண்ணாடி டம்ளரில் இனிப்பு ஒயின்.
முழங்கை இடிக்க நின்று தின்றோம்.
நாடகம் விட்டு வந்த கூட்டம்
எங்களை இன்னும் நெருக்கி நிறுத்தியது.
"இது உனக்கு" என்றான், தாடையில் எண்ணெய் வழிய.
வேண்டுமென்று நான் கேட்கவே இல்லை.

சக்காரீத்தாவில் ரயில் பாலத்தடியில்
ரொட்டியைப் பிளந்து சோரிசோ வைத்துத் தரும் வண்டி:
அவனுக்கு. வாதமில்லை.
அங்கே போய்வந்தால் மூன்று நாளுக்கு என் கோட்டில் புகை.

போயேதோவில் மிலனேசா.
தட்டை மீறித் தொங்கும் அந்த இறைச்சி வறுவலை
ஒன்று வாங்கி இருவர் தின்பதுதான் வழக்கம்.
இனி யார் எடுத்துக்கொண்டாலும் பாதி மிஞ்சும்.
"நீ வைத்துக்கொள்."
"இல்லை, நீயே."
இத்தனை பெருந்தன்மை
கல்யாணத்தில் எங்கே ஒளிந்திருந்ததோ.

ஐந்தாம் நாள்
என் பட்டியலில் இல்லாத ஒரு கடைக்குக் கூட்டிப் போனான்.
கொன்ஸ்தித்துசியோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
நொண்டிச் சேவல் என்று பெயர்,
டியூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
"இன்னைக்கு ரெண்டு பேரா?" என்றாள் பரிமாறுகிறவள்.

ஆபீஸில் நேரமாகிவிட்டது என்று சொன்ன இரவுகளின்
விலாசம் இதுதானா?
கண்ணால் ஒரு பெண்ணைத் தேடினேன்.
ஒருத்தியும் இல்லை.
ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பு,
யாரோ விட்டுப்போன தினசரி,
சுவரைப் பார்த்துப் போட்ட ஒற்றை நாற்காலி.
அவ்வளவுதான் என்றான்.
ஒரு பெண் இருந்திருந்தால்
திட்டவாவது ஒரு பெயர் கிடைத்திருக்கும்.
குழம்பு ருசியாகவும் இருந்தது,
அதுதான் கொடுமை.
ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றேன்.
"இது எனக்கு" என்றான் தயங்கி.
"இது எப்போதும் உனக்குத்தானே."

கடைசியில் அல்மாக்ரோ. மேசைமேல் காகித விரிப்பு.
எவுசேபியோ எதையும் எழுதிக்கொள்வதில்லை;
கணக்கை மட்டும் அந்தக் காகிதத்தில் போட்டுக் கிழித்துத் தருவார்.
நாங்கள் உட்காருமுன்னே சோடா சைஃபன் வந்துவிட்டது.
ஒரு ஃபிளான், இரண்டு கரண்டி,
பால் அல்வா போல ஒரு மேடு ஓரத்தில்.
இந்த மனிதரிடம் யார் சொல்வது?
நீ சொல் என்று மேசைக்கடியில்
அவன் காலை மிதித்தேன்.
அவன் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான்.

ஆக, கிழமை பிரித்தோம்.
செவ்வாய் அவனுக்கு, வியாழன் எனக்கு.

முதல் வியாழன் தனியாகப் போனேன்.
"லெயாந்த்ரோ எங்கே?"
"காய்ச்சல், எவுசேபியோ."
அவர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.
"செவ்வாய்க்கிழமை அவர் வந்தார், ஹிமேனா அம்மா.
உங்களுக்குக் காய்ச்சல் என்றார்."

பிறகு உள்ளே போய்
நான் கேட்காத கோழி சூப்பைக் கொண்டுவந்தார்,
எலுமிச்சை பிழிந்து, ஆவி பறக்க.
காகிதக் கணக்கில் அது இல்லை.
கரண்டி ஒன்றுதான் வைத்திருந்தார்.